தொண்டைக்குக் கேட்ட மாத்திரை படர்தாமரைக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: திருமங்கலத்தில் புரோட்டா மாஸ்டராக இருக்கிறேன். வயது 41. போன மாதம் தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த அமாக்ஸிசிலின் நன்றாகக் கேட்டது. இடுப்பில் படர்தாமரை வந்ததும் மிச்சமிருந்த மாத்திரையைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், "பாக்டீரியா புரோகேரியாட்டிக், பூஞ்சை யூகேரியாட்டிக்ப்பா, எப்படிக் கேட்கும்?" என்கிறாள். அப்படி என்ன வித்தியாசம் டாக்டர்?

பதில்: மகள் சொன்னதுதான் சரி. மாத்திரை எப்படி மிச்சமானது என்று உங்களிடம் நான் தனியாகக் கேட்க வேண்டும்!

புரோகேரியாட்டிக் செல்லான பாக்டீரியா ஒரு தள்ளுவண்டிக் கடை. அதன் டிஎன்ஏ தனி அறை இல்லாமல் செல்லுக்குள் அப்படியே கிடக்கும். யூகேரியாட்டிக் வகையான நம் செல் பெரிய ஓட்டல். டிஎன்ஏவுக்கு உட்கரு என்று தனி அறை, சக்தி எடுக்க மைட்டோகாண்ட்ரியா என்று தனி அடுப்படி. படர்தாமரை தரும் பூஞ்சையும் இந்த ஓட்டல் வகைதான்.

அமாக்ஸிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கிறது. அந்தச் சுவரைக் கட்டும் சரக்கான பெப்டிடோகிளைக்கான் நம் செல்லில் கிடையாது; அதனால் கிருமி சாகும், நம் செல் தப்பும். பூஞ்சைக்கும் சுவர் உண்டு. ஆனால் அது கைட்டின், குளுக்கான் என்று வேறு சரக்கு. இந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

பூஞ்சை செல் நம் செல்லுக்கு உறவுக்காரன் மாதிரி இருப்பதுதான் சிக்கல். அதை அடிக்கும் மருந்து நம்மை அடிக்கக் கூடாதே! நம் செல்சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால், பூஞ்சையில் எர்கோஸ்டீரால். பூஞ்சை மருந்துகளான டெர்பினாஃபின், இட்ராகோனசோல் இரண்டும் அந்த எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுக்கின்றன. அப்படியும் சிலருக்குக் கல்லீரலைத் தொந்தரவு செய்யலாம். அதனால் இவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலவை ஆயின்மென்ட் அதைவிட மோசம். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் படர்ந்துகொண்டே போகும். தடவிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மதுரை பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவிலேயே காட்டலாம். வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். தடிப்பு மங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். கல்லுக்கு முன்னால் வேர்த்து நனைந்த பனியனை உடனே மாற்றுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள். அப்புறம், வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.