மலையாளத்தில் வந்த ‘ஈ.ம.யௌ’ காலத்துக்கும் கொண்டாட வேண்டிய படமா, சாவு வீட்டைக் கேலி செய்யும் படமா?

கேலி என்று நீங்கள் கேள்வியிலேயே பாதித் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். சாவு வீட்டில் ஓடியாடி வேலை பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஊர் குமரி மாவட்டம், முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். பாட்டா, அதாவது தாத்தா, இறந்தது ஐப்பசி மழையில். ராத்திரி கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் கொண்டுவருகிறேன் என்றவர் போனை எடுக்கவில்லை. சித்தப்பா துபாயிலிருந்து வந்துசேர மறுநாள் மத்தியானம் ஆகும். மச்சான் ஒருத்தன் ஐஸ் கம்பெனிக்கு ஓடி, உடைத்த ஐஸை இரண்டு மீன் பெட்டிகளில் அள்ளி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். ஆயுசு முழுக்க மீனுக்கு ஐஸ் போட்ட மனுஷனுக்கு! ‘என்னைப் பெத்த அப்பா’ என்று மாரடித்து அழுதுகொண்டிருந்த அத்தை சட்டென்று நிறுத்தி, “எலே, பெட்டியக் கழுவினியா?” என்றாள். அவன் தலையாட்டியதும், விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள்.

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் சத்தம் வந்துவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அவள் கேட்ட கேள்வியை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

2018இல் ‘ஈ.ம.யௌ’ பார்த்தபோதுதான் எனக்கு மனசு ஆறியது. சாகிறவர் காதில் நாங்கள் ‘இயேசு மரி சூசை’ என்று சொல்வோமே, அதன் மலையாளச் சுருக்கம்தான் படத்தின் பெயர். கொச்சிப் பக்கம் செல்லானம் கடற்கரையில், கையில் காசில்லாத மகன் அப்பாவைத் தடபுடலாக அடக்கம் செய்யப் பார்க்கிறான். மழை, ஊர் வாய், சந்தேகப்படும் சாமியார் என்று ஒவ்வொன்றாக வந்து குறுக்கே நிற்கிறது. சிரிப்பு மூட்டவென்று யாரும் எதையும் செய்வதில்லை, எல்லோரும் முழு அக்கறையோடுதான் அலைகிறார்கள். அந்த ஆண்டு கோவா திரைப்பட விழாவில் இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரிக்கும் மகனாக நடித்த செம்பன் வினோதுக்கும் விருது கிடைத்தது. விருது கிடைக்காவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். கடைசிக் கடற்கரைக் காட்சி மட்டும் எனக்கு ஒட்டவில்லை.

மதத்தை இழிவுபடுத்துகிறது என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நானும் ஞாயிறு பூசை தவறாதவன்தான்.

படத்தை சப்டைட்டில் இல்லாமலே பார்த்தேன் என்று சென்னையில் சொன்னால், “நீங்க மலையாளியா?” என்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் அய்யா! ஆபீஸில் பதினொரு வருஷமாக இதை விளக்கிக்கொண்டிருக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

போன லீவுக்கு அம்மாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். பாட்டா சாவன்று என்னை முறைத்தவர்களில் அம்மாவும் உண்டு. பாதிப் படத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “ஐஸ் ஒண்ணுதாம்ல குறைச்சல்” என்றாள்.