ஷெஃபீல்டில் ரியல் ஏல்: எந்தப் பப், எந்த நேரம், எப்படிக் கேட்பது?

கேள்வி: அக்டோபரில் அலுவலக வேலையாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போகிறேன். வியாழன் முதல் ஞாயிறு வரை தங்கல். அந்த ஊர் ரியல் ஏல் பப்களுக்குப் பேர்போனது என்கிறார்கள். எனக்கு ஜில்லென்ற லாகர் மட்டுமே பழக்கம். எங்கே போவது, எப்படிக் கேட்டு வாங்குவது? அந்த பீரைச் சூடாகத் தருவார்கள் என்பது உண்மையா? நான் சுத்த சைவம். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். மற்றவை அதிலிருந்தே விளங்கிவிடும்.

ரியல் ஏல் என்பது பீப்பாயிலேயே பக்குவமாகும் பீர்; பீப்பாய் ஏல் என்றும் சொல்வார்கள். அவற்றில் பலவற்றைத் தெளிய வைக்க இன்றும் ஐசிங்கிளாஸ் சேர்க்கிறார்கள். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் பசை அது. ரியல் ஏலை வடிகட்டுவதில்லை, பாஸ்டரைஸ் செய்வதும் இல்லை. பீப்பாய்க்குள் போகும்போது அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். மிச்சமிருக்கும் சர்க்கரையை அந்த ஈஸ்ட் அங்கேயே நொதிக்கச் செய்கிறது. நாக்கில் படும் மெல்லிய வாயுத் துடிப்பு அப்படி வருவதுதான். வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அழுத்தி ஏற்றுவதில்லை. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் படிந்தால்தான் பீர் தெளியும். ஐசிங்கிளாஸில் உள்ள கொலாஜன் ஈஸ்ட் துகள்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். உங்கள் கிளாஸுக்கு வந்து சேர்வது துளிதான் என்றாலும் சைவம் என்று சொல்ல முடியாது.

பாரில் பீரை இறைக்கும் கைப்பம்பின் மேல் மாட்டியிருக்கும் பெயர் அட்டையில் 'வீகன்' (விலங்குப் பொருள் இல்லாதது) அல்லது 'அன்ஃபைண்டு' (தெளிய வைக்கும் பசை சேர்க்காதது) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பாரில் நிற்பவரிடம் "எது வீகன்?" என்று கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். வீகன் என்றால் உடனே புரியும். பசை சேர்க்காத ஏல் சற்றுக் கலங்கலாக இருக்கும். அது குறையல்ல, அதன் இயல்பு.

சூடாக இருக்குமா? இல்லை. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். 3, 4 டிகிரி லாகருக்குப் பழகிய வாய்க்கு அது சூடு போலப் படும், அவ்வளவுதான். இதைவிடக் குளிர்ந்தால் ஹாப்ஸ் பூவின் மணமும் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் அமுங்கிப்போகும், பீரும் மங்கலாகலாம். இதைவிடச் சூடேறினால் வாயு பறந்து சப்பென்று ஆகிவிடும். உங்கள் கைக்கு வரும் ஏல் அறைச் சூட்டில் இருந்தால், அந்தப் பப் நிலவறையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

எந்தப் பப் என்பதை முடிவு செய்ய ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பப்களில் அதிகம் புழங்கும் ஃபர்கின் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைண்ட் பிடிக்கும். ஒவ்வொரு பைண்ட் இறைக்கும்போதும் அதன் இடத்துக்குக் காற்று உள்ளே போகிறது. முதல் நாள் அந்தக் காற்றால் சுவை கொஞ்சம் பக்குவப்படும்; மூன்றாம் நாளுக்குப் பிறகு கெடத் தொடங்கும். ஆகவே 72 பைண்டும் ஏறக்குறைய 3 நாளில் விற்றுத் தீர வேண்டும். பத்துப் பன்னிரண்டு பம்புகள் வரிசையாக நின்று, குடிக்க நான்கு பேர் மட்டும் இருக்கும் பப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே பாதி பீப்பாய்கள் வயதானவையாக இருக்கும். கூட்டமுள்ள இடத்தில் நான்கு பம்புகள் இருந்தால் போதும். பெயர், விருது, விலை எல்லாவற்றையும் விட இந்த வேகம்தான் முக்கியம்.

உங்கள் நாட்கள் நன்றாக அமைந்திருக்கின்றன. வியாழன் மாலை முதல் சனி இரவு வரை பீப்பாய்கள் வேகமாகக் காலியாகும். திறந்தவுடன் போய் நிற்காதீர்கள். இரவு முழுவதும் குழாயில் தேங்கிய பீர்தான் முதலில் வரும். ஒழுங்கான பப்பில் அதை இறைத்துக் கொட்டிவிடுவார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷனிலேயே ஷெஃபீல்டு டாப் இருக்கிறது. 1904-ல் கட்டிய ரயில்வே சிற்றுண்டிச்சாலை பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்தது. சீரமைத்து 2009-ல் பப்பாகத் திறந்தார்கள். ஓடு பதித்த சுவரும் பெரிய மர பாரும் பார்க்கவே தக்கவை. ஆனால் ஊரின் ஏல் பெருமை இருப்பது டான் ஆற்றை ஒட்டிய கெலம் ஐலண்ட் பகுதியில். ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள நிறுத்தத்தில் மாலின் பிரிட்ஜ் போகும் நீல வழி டிராமில் ஏறி ஷேல்ஸ்மோரில் இறங்குங்கள். அங்கிருந்து சில நிமிட நடை. நடந்தே போவதானால் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஜிப்ரால்டர் ஸ்ட்ரீட்டில் ஷேக்ஸ்பியர்ஸ் பப் வரும்.

ஆல்மா ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஃபேட் கேட்டில் தொடங்குவது நல்லது. பெரிய மதுக்கம்பெனிகளின் பிடியிலிருந்த ஊரில், 1981-ல் பல ஊர் ஏல்களைத் தருவதற்கென்றே டேவ் விக்கெட் கூட்டாளியுடன் தொடங்கிய பப் அது. 1990-ல் பக்கத்திலேயே கெலம் ஐலண்ட் மதுவடிப்பகமும் வந்தது. அதன் பேல் ரைடர் 2004-ல் பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டம் வாங்கியது. 2022-ல் மதுவடிப்பகம் மூடப்பட்டபோது, அருகிலுள்ள டெர்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் அந்த பீரை எடுத்துக்கொண்டது. எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். ரஸ்ஸல் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கெலம் ஐலண்ட் டாவர்ன், காம்ரா அமைப்பின் தேசிய அளவிலான ஆண்டின் சிறந்த பப் விருதை 2008, 2009 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வென்றது. 1971-ல் பீப்பாய் ஏலைக் காப்பாற்றக் குடிப்பவர்களே தொடங்கிய இயக்கம்தான் காம்ரா. ஆற்றைக் கடந்து நீப்செண்ட் லேனுக்குப் போனால் கார்டனர்ஸ் ரெஸ்ட். உள்ளூர்க்காரர்கள் பங்கு போட்டு வாங்கி நடத்தும் பப். ஒரு மாலைக்கு மூன்று இடம் தாராளம்.

உள்ளே போனதும் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். பாருக்குப் போய் நில்லுங்கள். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்களைக் கேட்கும்போது முன்னால் வந்தவர் ஒருவர் நின்றால் அவரைக் கைகாட்டிவிடுங்கள். அந்த ஒரு செயலுக்கு நல்ல மரியாதை கிடைக்கும். பணத்தையோ கார்டையோ ஆட்டிக் கூப்பிடக் கூடாது. வாங்கும்போதே காசு கொடுத்துவிட வேண்டும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. இளமைத் தோற்றம் உள்ளவர்களிடம் வயதுச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

நீளமான கைப்பிடி உள்ள பம்புகள்தான் ரியல் ஏல். சின்னக் குழாய்களில் வருவது வாயு அழுத்தத்தால் தள்ளப்படும் கெக் பீர். பெயர் அட்டை பின்பக்கமாகத் திருப்பியிருந்தால் அது இப்போது இல்லை என்று அர்த்தம். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், ஒரு வாய் ருசி பார்க்கத் தருவீர்களா என்று கேட்கலாம். இரண்டு வரைக்கும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி நெரிசலில் மட்டும் இதைக் கேட்காதீர்கள். லாகரிலிருந்து வருபவருக்கு உள்ளூர் மதுவடிப்பகங்களான அபிடேலின் மூன்ஷைன் அல்லது பிராட்ஃபீல்டின் ஃபார்மர்ஸ் பிளாண்ட் போன்ற வெளிர்நிற ஏல் இணக்கமாக இருக்கும். சைவமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். போர்ட்டர், ஸ்டவுட் என்ற கருநிற பீர்கள் கடைசியில். வறுத்த மால்ட்டின் கசப்பு நாக்கில் உட்கார்ந்துவிட்டால் பிறகு மென்மையான எதுவும் தெரியாது.

பைண்ட் என்பது 568 மில்லி. அரை பைண்ட் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கொடுக்க வேண்டியது சட்டம். பல பப்களில் மூன்றில் ஒரு பைண்டும் கிடைக்கும். மில்லியை மதுச் சதவீதத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால், பிரிட்டனில் மதுவின் அளவைச் சொல்லும் யூனிட் வரும். 4 சதவீத ஏல் ஒரு பைண்ட் 2.3 யூனிட், 5.9 சதவீதமுள்ள தார்ன்பிரிட்ஜ் ஜைப்பூர் 3.4 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டன் மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. ஜைப்பூர் குடிப்பதற்கு லேசாகத்தான் இருக்கும், எழுந்து நிற்கும்போதுதான் கணக்கு தெரியும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும்; ஒவ்வொரு பப்பிலும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

வடக்கு இங்கிலாந்தில் பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்ற சிறு துளைகள் கொண்ட மூடி இருக்கும். அது பீரைப் பீய்ச்சி, மேலே கெட்டியான வெண்ணுரை எழுப்பும். கசப்பு கொஞ்சம் மட்டுப்படும். நுரையால் அளவு குறைந்தது போலத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லலாம், சண்டையில்லாமல் ஊற்றுவார்கள்.

கெட்ட பைண்டைத் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள். வினிகர் வாடை, ஈர அட்டைப்பெட்டி வாடை, துளி உயிர்ப்பும் இல்லாத சப்பை, தெளிவாக இருக்க வேண்டியது சேறுபோல் வருவது: இவையெல்லாம் திருப்பத் தக்கவை. முதல் வாயிலேயே திருப்புங்கள். பாதி குடித்துவிட்டுப் போனால் எடுபடாது. கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொல்லாமல், "இது கெட்டுப்போன மாதிரி இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவர்களும் முகர்ந்து பார்த்து வேறு மாற்றித் தருவார்கள். சுவை பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு மாற்று கேட்பது முறையல்ல. புளிப்பாகவே செய்யும் பீர்களும் உண்டு என்பதால், வாங்கும் முன் அட்டையைப் படித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் மறுபடி சைவக் கவனம். பாரில் தொங்கும் போர்க் ஸ்க்ராட்சிங்ஸ் பன்றித்தோல் வறுவல். ஷெஃபீல்டு இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்தில் சிப்ஸை (நாம் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் என்று சொல்லும் உருளைக்கிழங்குத் துண்டுகளை) மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்காதீர்கள். பல பப்களில் சமையலறை பாருக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே மூடிவிடும், சில பப்களில் சமையலறையே கிடையாது. வந்தவுடன் சாப்பாட்டைச் சொல்லிவிட்டுப் பிறகு பம்பைப் பாருங்கள். ஞாயிறன்று டிராம் இடைவெளி அதிகம் என்பதால், அன்று ஊர் திரும்பும் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் கடைசிப் பைண்டை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.