முள்சீத்தா கஷாயத்தை டாக்டரிடம் சொல்லலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய். வாரம் ஒருமுறை பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். மாமா முள்சீத்தா இலைக் கஷாயமும், மிளகுச் சாரம் சேர்த்த மஞ்சள் மாத்திரையும் வாங்கித் தந்திருக்கிறார். சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி என்று யாரோ சொன்னதால் அம்மா சோற்றையே நிறுத்திவிட்டார், எடை குறைகிறது. யோகா செய்யவும் ஆசைப்படுகிறார். டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயம். யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில் (புற்றுநோய்ப் பிரிவு உணவியல் ஆலோசகர்): முதலில் கஷாயத்தை நிறுத்துங்கள். பாக்லிடாக்சல் நரம்பைப் பாதிக்கக்கூடிய மருந்து. விரல் நுனி மரத்துப்போகும். சிலருக்குக் காலிலிருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. முள்சீத்தாவில் உள்ள அன்னோனசின் என்ற பொருளும் நரம்புக்கு ஆகாதது. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் என்ற நடுக்கவாதம் போன்ற நோய் தென்படுவதை மருத்துவர்கள் 1999-லேயே எழுதினார்கள். புற்றுநோயை இது குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் செல் செத்ததைத்தான் வாட்ஸ்அப்பில் குணமானதாகச் சொல்கிறார்கள்.

குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம். மாத்திரை வேறு விஷயம். செறிவான மஞ்சள் சாரம், அதிலும் மிளகுச் சாரம் சேர்ந்தது, சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. கீமோ மருந்தை உடைத்து வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தான். தமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்த சிறு ஆய்வு 2019-ல் வெளிவந்தது. இந்த இரண்டு சாரமும் சேர்ந்தபோது, அந்த மருந்திலிருந்து உடலில் உருவாகி வேலை செய்யும் பொருளின் அளவு ரத்தத்தில் குறைந்தது.

டாக்டர் திட்டுவார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. என் அறைக்கு வருகிறவர்கள் பலர், கிளம்பும்போதுதான் முந்தானையிலிருந்து லேகியப் பொட்டலத்தை எடுக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் பையில் இருப்பதை மேஜைமேல் வைக்கச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறேன். சுகர் மாத்திரை, சூரணம், நாட்டு மருந்துக்கடைப் பொடி என எல்லாம் ஒரே தாளில் ஏறும். டாக்டர், கீமோ நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் எல்லாரும் அதே தாளைப் பார்ப்போம். உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு குழு இல்லையென்றால் நீங்களே தாள் எழுதி ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பட்டம் பெற்றவரிடம் போங்கள். பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு உண்டு. அவரிடமும் கீமோ விவரத்தைக் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள். அடுத்தமுறை மாமாவையும் கூட்டிப் போங்கள். அக்கா மேல் உள்ள பாசத்தில் வாங்கித் தந்தவர். டாக்டர் வாயால் காரணம் கேட்டால் வருத்தப்பட மாட்டார்.

சரி, சாப்பாடு. சோற்றை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்காது; அம்மாதான் கிடப்பார். உடலே சர்க்கரையைத் தயாரித்துக்கொள்ளும், அதற்குத் தசையையும் கரைக்கும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 60 கிராம் புரதம் தேவை. நன்கு வெந்த முட்டை, மீன், சுண்டல், பருப்பு என்று சிறுகச் சிறுக, ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். குழைந்த சோற்றில் பருப்பும் ஒரு கரண்டி நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுத்தால் வாய் கசக்கும் நாளிலும் இறங்கும். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யோகா தாராளமாகச் செய்யலாம். அசதியும் படபடப்பும் குறைய அது உதவுகிறது. நடையும் அப்படித்தான், சிகிச்சையின்போதே உடற்பயிற்சி வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022-ல் பரிந்துரைத்தது. ஆனால் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பரவியிருந்தால் உடலை முறுக்கும், குனியும் ஆசனங்கள் கூடாது. கால் மரத்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

அப்புறம் ஒன்று, மிக முக்கியம்: காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும், கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.