பால் கணக்கு தவறவில்லை, டைரி மட்டும் ஏன்?

கேள்வி: கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 41. கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். மகன் பத்தாவது, மகள் ஏழாவது. மாமியார் எங்களோடுதான். சர்க்கரை நோய், காலையில் 14 யூனிட், இரவில் 8 யூனிட் என்று குப்பி இன்சுலின் போடுகிறோம். ஆறு வருஷமாக ஜனவரி வந்தால் டைரி வாங்குகிறேன், பொங்கலைத் தாண்டுவதில்லை. இந்த வருஷம் 900 ரூபாய்க்கு ஸ்டிக்கர், கலர் பேனாவோடு ஆன்லைனில் ஒரு பிளானர் வாங்கி, பிள்ளைகள் கிறுக்காமலிருக்க பீரோவில் வைத்து எழுதினேன். 14 நாள்தான். போனில் ஆப் போட்டேன், அலாரம் அடித்தால் அணைத்துவிட்டு மறந்துவிடுகிறேன். பிப்ரவரியில் எல்ஐசி தவணை விட்டுப்போனது, மகளின் டெர்ம் ஃபீஸை அபராதத்தோடு கட்டினேன், போன மாதம் ஒரு ஞாயிறு இரவு இன்சுலின் தீர்ந்துபோய்க் கடை கடையாக அலைந்தேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள், எனக்கு 14 நாளே முடியவில்லை. வீட்டில் ஒழுங்காக நடப்பது பால் கணக்கு ஒன்றுதான். அது சமையலறைக் காலண்டரில் 11 வருஷமாக ஓடுகிறது, நான் ஊரில் இல்லாவிட்டாலும் அத்தை குறித்துவிடுவார், அதெல்லாம் ஒரு விஷயமில்லை. கணவருக்கு இதெல்லாம் தெரியாது, பாவம், வேலை அதிகம். நான் சோம்பேறியா? எந்த டைரி, எந்த ஆப் எனக்குச் சரிவரும்? ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஜனவரி தாண்டினால் டைரி கடிதம், ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் கடிதம், தீபாவளிக்கு அடுத்த வாரம் கடன் கடிதம். இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இது மாறவே இல்லை. டைரிக் கடிதங்கள் எல்லாமே "நான் சோம்பேறியா" என்றுதான் முடியும். அதற்கு நான் "இல்லவே இல்லை, நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள்" என்று தடவிக் கொடுக்க வேண்டும், அப்புறம் ஒரு ஆப் பெயர் சொல்ல வேண்டும். இரண்டும் இன்றைக்குக் கிடையாது.

பால் கணக்குக்கு வருகிறேன். "அதெல்லாம் ஒரு விஷயமில்லை" என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டுப் போனீர்களே, அந்த வரியை மட்டும் நான் நாலு தடவை படித்தேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்தானே, கணக்கே போடுவோம். 11 வருஷம், நாளுக்கு ஒரு குறி என்றால் நாலாயிரத்துக்கு மேல். டைரியில் ஆறு வருஷம், வருஷத்துக்கு 14 நாள் என்று தாராளமாக வைத்தாலும் 84. ஒரே வீடு, ஒரே கை. நாலாயிரம் தடவை தவறாத கை சோம்பேறிக் கையாக இருக்க முடியாது. அப்படியென்றால் கோளாறு கையில் இல்லை, எழுதின இடத்தில் இருக்கிறது.

அந்தக் காலண்டரை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அடுப்பங்கரையில் பால் காய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும், நூலில் கட்டின ஒரு குட்டைப் பென்சிலும் கூடவே ஆடிக்கொண்டிருக்கும். பால் வாங்கின கையோடு, அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் ஒரு 1, இல்லையென்றால் ½, வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி. அவ்வளவுதான் எழுத்து. நீங்கள் இல்லையென்றால் அத்தை போடுகிறார், அத்தையும் இல்லையென்றால் உங்கள் மகள் போட்டிருப்பாள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் "நேத்து வாங்கினோமா?" என்று யாராவது யாரையாவது கேட்டு மறுநாள் நிரப்பிவிடுவார்கள், அதற்காக யாரும் தலையில் அடித்துக்கொண்டு காலண்டரையே கழற்றிப் போட்டதில்லை. மாதம் பிறந்ததும் பால்காரர் வாசலில் வந்து நிற்பார், எண்ணிச் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்கிறது, எழுதுவதற்கு நாலு கை இருக்கிறது.

என் அம்மாவுக்குக் காலண்டர்கூடக் கிடையாது. அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் சுவரில் அடுப்புக்கரியால் கோடு கிழித்துத் தயிர்க்காரம்மா கணக்கு வைத்திருந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவரிடம், "அந்தக் கதவுக்குப் பின்னாடி மட்டும் அடிச்சிராதப்பா" என்று முதல் வேலையாகச் சொல்லிவிடுவாள். வீடு முழுக்கப் பளிச்சென்றிருக்க, அந்த ஒரு முழச் சதுரம் மட்டும் வருஷா வருஷம் அழுக்காகவே இருக்கும். அப்பா அதைப் பார்த்துத்தான் காசு எண்ணிக் கொடுப்பார். எழுதினவள் அம்மா, படித்தது வீடு மொத்தமும்.

உங்கள் டைரியை யார் படிக்கிறார்கள்? பீரோவுக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் கிறுக்கிவிடுவார்களாம். பத்தாவது படிக்கிற பையனும் ஏழாவது படிக்கிற பெண்ணும் என்ன கிறுக்கிவிடப் போகிறார்கள், யானை படமா? குடும்பம் நடத்துவதற்கான குறிப்பைக் குடும்பத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் நகையோடு நகையாகப் பூட்டி வைத்துவிட்டு, எதுவும் நடக்க மாட்டேன் என்கிறதே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து வார்த்தையிலேயே கேட்கிறேன், ஏன் அம்மணி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை என்றால் எப்படி?

கோபம் வரும், பரவாயில்லை. வீட்டில் எது எங்கே இருக்கிறது, எது எப்போது தீரும் என்பது தனக்கு மட்டுமே தெரிந்திருப்பதில் நம் பெண்களுக்கு ஒரு பெருமை உண்டு. எனக்கும் இருந்தது. "நான் இல்லேன்னா இந்த வீட்ல ஒரு வேலை நடக்காது" என்று அலுப்போடு சொல்வதுபோலச் சொல்லுவோம், உள்ளுக்குள் இனிக்கும். ஒரு அறுவை சிகிச்சைக்காக நான் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்திருந்தபோது, கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, கேஸ் புத்தகம் எங்கே, வெந்தயம் எந்த டப்பாவில் என்று போன் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு இனிப்பெல்லாம் இறங்கிவிட்டது.

அடுத்தது, "கணவருக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்." இந்தப் பாவத்தை நான் ஏற்க மாட்டேன். பஸ் பாடி பட்டறை சூப்பர்வைசர் அவர். எந்த வண்டிக்குத் தகடு வரவில்லை, எந்த வண்டிக்கு சீட் ஏறவில்லை, எது எந்தத் தேதியில் பெயின்ட் முடிந்து வெளியே போக வேண்டும் என்று தலையில் வைத்திருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். அந்த மனுஷனுக்குத் தன் தாயின் ஊசி மருந்து என்றைக்குத் தீரும் என்று தெரியாதா? தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் ஞாயிறு இரவு அலைவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். என் கட்சியைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன், பழைய பஞ்சாங்கம் என்றாலும் சரி, புதுமைப் பெண் என்றாலும் சரி: பெற்ற தாயின் மருந்து மகனுடைய பொறுப்பு. மருமகள் ஊசி போடலாம், சோறு பிசைந்து கொடுக்கலாம், அது உங்கள் நல்ல மனசு, அத்தைக்கும் அது தெரியும். ஆனால் மருந்து தீராமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை. அதை அவர் செய்தால் "உதவி செய்கிறார்" என்று பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள், எனக்குக் காது கூசும்.

சரி, நீங்கள் அனுப்பிய அந்தப் பக்கம். ஜனவரி 9. எண்ணினேன், 23 வேலை. முதல் வரி "4.30 எழுதல், தியானம்", ரோஸ் பேனாவில், ஓரத்தில் சூரியன் ஸ்டிக்கர். ஐந்தாவது "தண்ணீர் 3 லிட்டர்". எட்டாவது "பாசிட்டிவாக இருத்தல்". இதை எப்படி அடிப்பது, முடிந்ததென்று? 17-வது வரியில், "ரவிக்கை தைக்கக் கொடுக்க" என்பதற்கும் "எக்செல் கோர்ஸ்" என்பதற்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு "இன்சுலின்" என்று ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியிருப்பது நாளைக்கு நீங்கள் யாராக இருக்க ஆசை என்கிற பட்டியல். அந்தப் பட்டியலை ராத்திரி திறந்து பார்த்தால் 23-ல் 19 அடிபடாமல் கிடக்கும். தன்னைத் திட்டுகிற நோட்டை எந்த மனுஷி 15-வது நாள் திறப்பாள்? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை, 25 வருஷம் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், அவருக்கும் வேலை குறைவில்லை. ஆனால் அவர் எழுதியது நடந்ததை. உங்கள் பால் கணக்கும் அந்த ஜாதிதான்.

அந்த 21 நாள் கதையையும் விடுங்கள். 1960-ல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன்னிடம் வந்தவர்களுக்குப் புது முகம் பழக ஏறக்குறைய 21 நாளாகிறது என்று எழுதினார், அதைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பழக்கத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். லண்டனில் பிற்பாடு 96 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2010-ல் அச்சில் வந்தது. ஒரு பழக்கம் தானாக வர நடுவாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை என்றது அது. இடையில் ஒரு நாள் விட்டால் குடி முழுகிவிடாது என்பதும் அதிலேயே உண்டு. உங்கள் அத்தையிடம் கேட்டிருந்தால் இந்தக் கடைசி வரியை அவரே சொல்லியிருப்பார், விட்டுப்போன நாளை மறுநாள் கேட்டு நிரப்பிப் பழகினவர்.

இனி என்ன செய்வது? புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. பால் கணக்குக் காலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணியில் இன்னொரு மாதக் காலண்டர், பெரிய கட்டம் போட்டது. நகைக்கடையில், ஜவுளிக்கடையில் கொடுத்தது ஒன்றிரண்டு வீட்டில் சுருட்டியே கிடக்கும். சிவகாசியில் ஆடிப் பெருக்கன்றே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், நமக்குக் காலண்டர் பஞ்சம் எந்நாளும் வராது. அதற்கும் நூலில் ஒரு பென்சில். தவறினால் கடிக்கிற தேதி மட்டும்தான் அதில் ஏறலாம், தியானமும் தண்ணீரும் ஏறக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் பெயரின் முதல் எழுத்து.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை 14, இரவு 8, ஆக நாளுக்கு 22 யூனிட். இங்கே பெரும்பாலும் கிடைக்கிற 10 மில்லி குப்பியில், மில்லிக்கு 40 வீதம், 400 யூனிட். 18 நாள் வரும். புதுக் குப்பி திறக்கிற நாளன்று கட்டத்தில் "தி" என்று போட்டுவிட்டு, நேர் கீழே இரண்டு வரிசை இறங்குங்கள், அதே கிழமை வரும். அங்கே ஒரு வட்டம், அதற்குள் உங்கள் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து. அன்றைக்குக் குப்பியில் இன்னும் நாலு நாள் மருந்து இருக்கும். டாக்டர் அளவை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள். வட்டத்தை நீங்கள் போடாதீர்கள், அவரைக் கூப்பிட்டு, "எண்ணிப் போடுங்க" என்று பென்சிலை அவர் கையில் கொடுங்கள். தன் கையால் போட்ட வட்டம் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டறைக்காரருக்கு இது புரியும்.

ஃபீஸ் கடைசித் தேதியை மகளே எழுதட்டும், சர்க்குலர் அவள் பையில்தானே வருகிறது. மின்கட்டணம் மகனுக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுத்துவிட்டுப் போனால் கட்ட 20 நாள், அதைக் குறித்து உங்களிடம் பணம் கேட்டு வாங்கிப் போனிலேயே கட்டத் தெரியாத பத்தாவது பையன் இன்றைக்குக் கிடையாது. பொதுத்தேர்வு என்று சொல்லி அவன் தட்டைக்கூடக் கழுவ விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தில் இல்லை, ஆனாலும் தோன்றுகிறது. எல்ஐசி உங்களுடையதாகவே இருக்கட்டும். மாதத் தவணை தவிர மற்றவற்றுக்கு 30 நாள் கூடுதல் அவகாசம் உண்டு, அதற்குள் கட்டியிருந்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இன்னும் கட்டவில்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் விசாரியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானதும் நாலு பேரும் அத்தையும் அந்தச் சுவர் முன்னால் அஞ்சு நிமிஷம் நிற்க வேண்டும். படிப்பது அத்தை. உங்கள் வீட்டில் எழுதின கணக்கை விடாமல் காப்பாற்றத் தெரிந்த ஒரே மேலாளர் அவர்தான், அவரை நோயாளியாக மட்டும் உட்கார வைத்துவிட்டீர்கள். பால்காரர் செய்கிற வேலையை இனி அவர் செய்யட்டும், "இது யார் பேர், ஆச்சா?" என்று கேட்கிற வேலை. மாமியார் கேட்டால் மகன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

900 ரூபாய் பிளானரை மகளுக்குக் கொடுத்துவிடுங்கள். முந்நூற்றைம்பது பக்கம் சும்மா கிடக்கிறது, ஸ்டிக்கரும் அவளுக்குத்தான் பிடிக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் முதல் இரண்டு தடவை மறப்பார். மறக்கட்டும், நீங்கள் செருப்பை மாட்டாதீர்கள், இரவு ஒன்பது மணிக்கு மருந்துக்கடை தேடிப் போவது எப்படி இருக்கும் என்று அவரும் பார்க்கட்டும். அதற்காக அத்தைக்கு ஒரு வேளை ஊசி தவறக் கூடாது. அதனால் ஒரு குப்பி கூடுதலாக வாங்கி, காலாவதித் தேதி பார்த்து, ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்காமல் கீழே காய்கறித் தட்டில், கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். அது மட்டும் காலண்டரில் ஏற வேண்டாம். உங்களுக்கும் அத்தைக்கும் தெரிந்தால் போதும்.