மரத்துப்போக ஊசி போட்டும் பல் வலிக்கிறதே, ஏன்? இந்தப் பயத்தை எப்படிச் சமாளிப்பது?

அது உங்கள் கற்பனை இல்லை. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும், அந்த அமிலத்தில் லிடோகெயின் என்ற மரத்துப்போகவைக்கும் மருந்து நரம்புக்குள் சரியாக நுழைய முடியாது, அதனால்தான் பயந்து பயந்து தள்ளிப்போட்டுவிட்டுத் தாங்க முடியாமல் ஓடுகிறவர்களுக்கே மரத்துப்போவதும் கஷ்டமாகிறது. கொடுமைதான். கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் இன்னும் தொல்லை, அங்கே தாடை எலும்பு கெட்டியானது, மருந்து ஊறி இறங்காது, நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஊசி போட வேண்டும். அந்தப் பக்கத்துக் கீழுதடு தடித்துப்போன மாதிரி தோன்றவில்லை என்றால் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தால் அதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை, மருந்தோடு பெரும்பாலும் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் அட்ரினலினும் கலந்திருக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

சரி, பயத்துக்கு? இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், அப்புறம் வலிக்காதபோதே சும்மா ஒருமுறை தூக்கிப் பாருங்கள். டாக்டர் நிஜமாகவே கையை எடுக்கிறார் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். அதுவும் போதாது என்றால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற சிரிப்பூட்டும் வாயு பற்றிக் கேளுங்கள். 1844-லேயே ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அதைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கவைத்துப் பார்த்தார்! இப்போது ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகத் தருகிறார்கள், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.