முதலில் கேள்வியை நிறுத்துங்கள்

கேள்வி: காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். லேணாவிளக்கில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா ஒரு வருடமாக வேலைக்கு வருகிறார். 1990-ல் சின்னப் பெண்ணாக மன்னாரிலிருந்து படகில் வந்தவராம். அந்தக் காலத்தைப் பற்றி அன்பாகத்தான் கேட்கிறேன், பேச்சை மாற்றிவிடுகிறார். மற்ற பெண்களோடும் ஒட்டவில்லை. அவரை மனம்விட்டுப் பேச வைப்பது எப்படி?

பதில்: உங்கள் அன்பில் குறையில்லை, சகோதரி. ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

கரையேறிய நாளிலிருந்து கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்த தலைமுறை அது. மண்டபம் முகாமில் விசாரணை, பதிவு. அப்புறம் பஸ்ஸில் ஏற்றி, பெயர்கூடத் தெரியாத ஊரில் இறக்கிவிட்டார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம். நடுவில் சேலையைத் திரையாகக் கட்டித்தான் உடை மாற்ற வேண்டியிருந்தது. அப்போது கழிப்பறை கிடையாது, இருட்டோடு எழுந்து துணை சேர்த்துக்கொண்டு காட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்த பெண்கள் உண்டு. வயதுக்கு வருகிற பருவத்தில் ஒரு பெண் இதையெல்லாம் எப்படிச் சமாளித்திருப்பாள்? 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, முகாமில் இருந்த எல்லோரையும் ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. இதைக் கடையில் நாலு பேர் நடுவே எப்படிச் சொல்வார்?

1942-ல் பர்மாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பியவர்கள் செட்டிநாட்டிலும் இருந்தார்கள். அவர்களுக்கு இங்கே சொந்த வீடு இருந்தது, பங்காளிகள் இருந்தார்கள். இந்த அக்காவைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் குடியுரிமைகூட இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மாதாமாதம் முகாமில் செக்கிங் நடக்கும். அன்றைக்கு ஆள் நேரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகைக்கே சிக்கல். அந்த நாளில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்கும்முன் நீங்களே சம்பளத்தோடு லீவு கொடுங்கள். முகாம்காரர் என்றால் கூலியைக் குறைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் கடையில் மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதேதான் அவருக்கும் என்று இன்றே உறுதி செய்யுங்கள். அவர் பேச்சு வழக்கை யாராவது நடித்துக் காட்டிச் சிரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒட்டாமல் போவது இதில்தான்.

பேச ஆசை என்றால் பலகாரத்தைப் பற்றிக் கேளுங்கள். இலங்கைத் தமிழர் பலகாரமான பயத்தம் பணியாரம் செய்யத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். வறுத்த பயறு மாவும் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். நம் சீப்புச் சீடைக்கும் மனகோலத்துக்கும் பக்கத்தில் அதுவும் தாராளமாக இருக்கலாம். தெரியும் என்றால் தீபாவளி ஆர்டரில் சேருங்கள். பக்குவம் அவருடையது என்பதால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுத்துவிடுங்கள்.