வாஷிங்டன் ஸ்டேட் எந்த ஆட்டத்தில் தோற்று வெளியேறியது?

கேள்வி: என் மகன் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பேக்-12 கான்ஃபரன்ஸை (பல பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) விட்டு பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போனதற்காக, இதே மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழகமான வாஷிங்டன் ஸ்டேட் ஆட்கள் இன்னமும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். திறமை உள்ளவன் மேலே போகிறான், இல்லாதவன் கீழே நிற்கிறான். இது வியாபாரம், இதில் கண்ணீருக்கு என்ன வேலை? அது போகட்டும், புது சீசன் வரப்போகிறது. முன்கணிப்புப் பட்டியல்களில் எதை நம்பலாம்?
— ஒரு வாசகர், பாத்தெல், வாஷிங்டன் மாநிலம்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

எதையும் நம்பாதீர்கள். 2024 சீசனுக்கு முன் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட்) கான்ஃபரன்ஸில் ஃப்ளோரிடா ஸ்டேட்தான் சாம்பியன் என்று பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். அந்த அணி டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஜார்ஜியா டெக்கிடம் தோற்றது. சீசன் முடிந்தபோது 2 வெற்றி, 10 தோல்வி. அதே ஆண்டு பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸில் அரிசோனா ஸ்டேட்டுக்குக் கொடுத்த இடம் பதினாறில் பதினாறு. அவர்கள் இறுதி ஆட்டத்தில் அயோவா ஸ்டேட்டை 45-19 என்று நொறுக்கிக் கோப்பையைத் தூக்கினார்கள். தேசிய சாம்பியனை முடிவு செய்யும் ப்ளே-ஆஃபில் டெக்ஸஸை இரண்டு கூடுதல் சுற்றுகள் வரை இழுத்துச் சென்று 39-31 என்றுதான் விட்டுக்கொடுத்தார்கள். 2025-இல் நாட்டின் முதலிடத்தோடு சீசனைத் தொடங்கிய டெக்ஸஸ், ப்ளே-ஆஃபின் 12 இடங்களில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் இண்டியானா. 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. மேல்மட்ட ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிக ஆட்டங்களைத் தோற்ற அணி என்ற பெயர் அப்போது அதற்குத்தான் இருந்தது. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்த 2024-க்கான பிக் டென் கணிப்பில் 18 அணிகளில் 17-ஆவது இடம். அந்த ஆண்டே 11 வெற்றி. அடுத்த சீசனில் ஒரு தோல்வியும் இல்லாமல் 16 வெற்றி. 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன். அந்த இறுதி ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில், நாலாவது முயற்சியில் (பந்தை முன்னே கொண்டுபோகக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு), இண்டியானாவின் ஃபெர்னாண்டோ மென்டோசா பந்தைத் தானே எடுத்துக்கொண்டு தடுப்பவர்கள் மீது மோதி விழுந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதை உங்கள் மகனும் பார்த்திருப்பான். அதற்கு முந்தைய சீசன்களில் மென்டோசா கலிபோர்னியாவின் பெர்க்லி அணியில் ஆடியவர். அதாவது, உடைந்துபோன உங்கள் பழைய பேக்-12-இன் ஓர் அணியிலிருந்து வந்தவர்.

இப்படிக் கணிப்புகள் பொய்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகஸ்டில் எழுதியதை மைதானம் நவம்பருக்குள் திருத்திவிடும். அதற்காகத்தானே ஆடுகிறார்கள்.

கான்ஃபரன்ஸ் மாற்றமும் ஒரு முன்கணிப்புதான். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் அடுத்த ஏழு, எட்டு ஆண்டுகள் எத்தனை வீடுகளில் டிவி ஓடும் என்பது அந்தக் கணிப்பு. கணிப்பவர்கள் பத்திரிகையாளர்கள் அல்ல, ஒளிபரப்பு நிறுவனங்களின் அதிகாரிகள். ஒரு பெரிய வித்தியாசம்: இந்தக் கணிப்பை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு மைதானத்தில் என்ன நடந்தாலும் அதைத் திருத்த வழியில்லை.

இண்டியானா 1899-லிருந்து பிக் டென்னில் இருக்கிறது. அதனால்தான் தப்பித்தது. 2023-இல் பிக் டென்னைப் புதிதாகக் கட்டியிருந்தால், தோல்வியில் முதலிடம் வகித்த ஓர் அணியை எந்த ஒளிபரப்பு அதிகாரி கூப்பிட்டிருப்பார்? திறமை உள்ளவன் மேலே போகிறான் என்கிறீர்கள். இன்றைய தேசிய சாம்பியனே உங்கள் விதிப்படி வெளியே நின்றிருக்க வேண்டிய அணி.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வருவோம். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் 'திறமை' என்ற சொல் எங்கேயும் ஒட்டாது. 2022 ஜூன் 30 அன்று பேக்-12-இன் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிகளான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் சந்தை கைக்கு வந்த சில வாரங்களில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று டிவி நிறுவனங்களோடும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பேக்-12-இன் டிவி ஒப்பந்தம் 2024 கோடையில் முடிய இருந்தது. தலைமை ஓராண்டு பேரம் பேசியது. கடைசியில் கையில் மிஞ்சியது, சந்தாக் கணக்கைப் பொறுத்துக் கூடிக் குறையும் ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்புத் திட்டம் ஒன்றுதான். 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் ஐந்து அணிகள் போயின: வாஷிங்டன், ஆரிகன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஏசிசியில் சேர்ந்தன, அதுவும் டிவி பணத்தில் குறைந்த பங்குக்கு. மிஞ்சியவை இரண்டு: ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

உங்கள் அணியின் நிலையையும் பாருங்கள். வாஷிங்டன், 1915-இல் இந்தக் கான்ஃபரன்ஸைத் தொடங்கிய நான்கு பல்கலைக்கழகங்களில் ஒன்று. கடைசி பேக்-12 சீசனில் ஆரிகனை 34-31 என்று வென்று சாம்பியனாகி, 2024 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டம் வரை போன அணி. அப்படிப்பட்ட அணியை பிக் டென் சேர்த்துக்கொண்டது ஏறத்தாழ பாதிப் பங்குக்கு. மைதானத் திறமைக்குத்தான் விலை என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்? அன்று காலையில் உங்கள் நிர்வாகத்துக்கு வேறு நல்ல வழி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் போனதை வெற்றி என்று கொண்டாடாதீர்கள்.

வாஷிங்டன் ஸ்டேட் இருப்பது புல்மனில். கோதுமை வயல்கள் சூழ்ந்த சிற்றூர், சியாட்டிலிலிருந்து காரில் கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர். டிவி வீடுகள் குறைவு. அதுதான் அவர்கள் செய்த ஒரே குற்றம். கைவிடப்பட்ட ஆண்டில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கேம் வார்ட். 2025-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவரேதான்.

2024 செப்டம்பர் 14 நினைவிருக்கிறதா? ஆப்பிள் கப் என்ற உங்கள் இரண்டு பல்கலைக்கழகங்களின் வருடாந்திர மோதல், சியாட்டில் லூமென் ஃபீல்ட் மைதானம். எட்டு மாதம் முன்பு தேசிய இறுதியில் ஆடிய பல்கலைக்கழகமும் உடைந்த கான்ஃபரன்ஸில் இரண்டே பேராக மிஞ்சியதில் ஒரு பல்கலைக்கழகமும் மோதின. புல்மன்காரர்கள் 24-19 என்று முன்னிலை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் உங்கள் அணி ஒரு கஜத் தூரத்தில் நிற்கிறது, நாலாவது முயற்சி. பந்தைக் குறுகலான பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். ஓடியவரைக் கோட்டுக்கு வெளியிலேயே சாய்த்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு புல்மனுக்கே போய் உங்கள் ஆட்கள் 59-24 என்று பழி தீர்த்தார்கள், சரிதான். ஆனால் அந்த ஒரு கஜத்தால் ஒப்பந்தத்தில் ஒரு காசு மாறியதா? அவர்கள் புலம்புவது தோற்றதற்காக இல்லை. ஜெயித்தாலும் எண்ணப்படாததற்காக.

'வியாபாரம்' என்றீர்கள். இந்த வாதம் உச்சநீதிமன்றம் வரை போன பழைய வாதம். எந்த அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதை கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ கட்டுப்படுத்தி வந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-இல் 7-2 என்று கட்டுப்பாடு உடைந்தது. இன்றைய எல்லாக் கூட்டல் கழித்தலும் அங்கே தொடங்குகிறது. எதிர்த்துத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி பைரன் வைட். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகப் பார்ப்பது தவறு என்பதே அவர் வாதம். அவர் வெளியாள் அல்ல; 1930-களில் கொலராடோவின் நட்சத்திர ஆட்டக்காரர், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பெற்றவர். 2023-இல் பேக்-12 சிதறியபோது முதலில் கிளம்பியது அவர் படித்த அதே கொலராடோ என்பது எனக்கு வலிக்கிறது.

என்சிஏஏவின் பழைய ஏகபோகத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு காசும் போகாத காலம் அது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்குச் சமரசத்தால் பல்கலைக்கழகங்கள் இப்போது நேரடியாகவே வீரர்களுக்குப் பங்கு தரலாம், அது நியாயம். டிவி பணம் பெண்கள் அணிகளையும் தாங்குகிறது என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் அதே பெண்கள் படும் பாட்டைப் பாருங்கள். ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு முறை ஆடுகிறது, தனி விமானத்தில் போகிறது. வாலிபால், சாஃப்ட்பால் அணிகள் வாரத்தில் பல ஆட்டங்கள் ஆடுகின்றன. ஸ்டான்ஃபோர்ட் மாணவிக்கு பாஸ்டனில் கான்ஃபரன்ஸ் ஆட்டம் என்றால் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம், திரும்பி வந்தால் காலையில் வகுப்பு. அந்தப் பெண்ணை வைத்து யாரும் ஒளிபரப்பு ஒப்பந்தம் போடவில்லை. ஆனாலும் அலைவது அவள். நீங்கள் ஒரு தகப்பன். இந்தக் கணக்கை ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள்.

புல்மன்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் வென்று பேக்-12-இன் பெயரையும் பணத்தையும் கையில் வைத்துக்கொண்ட அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும், 2024 செப்டம்பரில் மவுன்டன் வெஸ்ட் என்ற கான்ஃபரன்ஸிலிருந்து பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகிய ஐந்தை இழுத்துக்கொண்டன. தங்கள் வீட்டை உடைத்தபோது வலித்தது. அதே வலியை அங்கே மிஞ்சிய வயோமிங்குக்கும் நியூ மெக்ஸிகோவுக்கும் கொடுத்தார்கள். பிழைக்க வேறு வழியில்லை என்பார்கள். வாஷிங்டனும் 2023-இல் அதையேதான் சொன்னது.

இந்தக் கலைப்பில் நல்லதும் நடந்தது. டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்இசி கான்ஃபரன்ஸில் சேர்ந்ததால், 2011-க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்ஸஸ் – டெக்ஸஸ் ஏ அண்ட் எம் ஆட்டம் 2024-இல் திரும்ப வந்தது. ஆனால் அதே மாற்றத்தில் ஓக்லஹோமா – ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டம் போனது. நூறாண்டுக்கு மேல் ஓடியது, 2023 நவம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று வென்றதோடு நின்றுவிட்டது.

ஆப்பிள் கப்புக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1900-இல். நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் வாரத்தில் ஆடிவந்ததை, கான்ஃபரன்ஸ் பிரிந்ததால் செப்டம்பருக்குத் தள்ளினார்கள். இப்போதைய ஒப்பந்தம் 2028 வரைக்கும்தான். அதைத் தொடர்வதா என்பதை முடிவு செய்யும் வலிமை புல்மனிடம் இல்லை. உங்கள் மகனின் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. கட்டணம் செலுத்தும் பெற்றோர் என்ற முறையில் அதன் விளையாட்டுத் துறை இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: 2028-க்குப் பிறகும் இந்த ஆட்டம் வேண்டும், முடிந்தால் நவம்பரில் வேண்டும் என்று. உங்கள் மகனும் கையெழுத்துப் போடட்டும்.